மலையில் கோழிக்கூண்டு: காற்று போகணும், கீரி போகக்கூடாது

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக் கொல்லையில் பத்துப் பெட்டை, ஒரு சேவலுக்காகப் போட்ட கூண்டின் பதிவு இது. இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் எங்கே போட்டாலும் அளவு இதுவே. மழை அடிக்கும் திசை மட்டும் மாறும்.

சமவெளியில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் இரவு கழிந்துவிடும். மலையில் கழியாது. இங்கே கோழிக்கு நாள் முழுக்க எதிரி உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். கீரி பகலில் வரும், அதுவும் வெயில் ஏறும் முற்பகலில். குஞ்சுக்கு வல்லூறும் காக்கையும் பகல் எதிரி. அந்தி மயங்கினால் காட்டுப்பூனையும் நரியும். இருட்டிய பிறகு மரநாய், புனுகுப்பூனை, பெருச்சாளி, பாம்பு, சிறுத்தை. தீவன வாசனைக்குக் கரடி. தெருநாய்க்கு நேரமே கிடையாது. ராத்திரி பூட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் கீரியிடம் இழப்பார்கள். பகலில் பார்த்துக்கொண்டால் போதும் என்பவர்கள் மரநாயிடம் இழப்பார்கள்.

இத்தனைக்கும் பயந்து பலகையால் நாலு பக்கமும் அடைத்துவிட்டால் கோழி வேறு வழியில் சாகும். மலையில் கோழியைக் கொல்வது குளிரைவிட ஈரம்தான். அடைத்த கூண்டில் மூச்சின் ஈரமும் எச்சத்தின் காரநெடியும் சேர்ந்து, பத்தே நாளில் மூக்கொழுகல், கரகரப்பு, கண்வீக்கம் என்று தொடங்கும். ஆகவே வேலை முழுக்க ஒரே கணக்குதான்: காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும், பல்லுக்கும் நகத்துக்கும் மூடியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துவைப்பது அரை அங்குலக் கட்டம் போட்ட வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பியைப் பற்றவைத்த வலை.

கடையில் கோழிவலை என்று தரும் அறுகோணக் கண் வலையை வாங்க வேண்டாம். அது கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. முறுக்கிய மெல்லிய கம்பி, எளிதில் அறுந்துபோகும். ஈரக்காற்றில் இரண்டு மழைக்காலம் கண்டால் கையால் கிழிக்கலாம்.

இடமும் சரிவும்

கூண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்தடிக்குப் புதர் இருக்கக்கூடாது. தேயிலைச் செடி கோழிக்கு நல்ல மறைவு, வல்லூறு வந்தால் அடியில் ஓடி ஒளியும். ஆனால் காட்டுப்பூனை பதுங்குவதும் அதே அடியில்தான். மேயும் இடத்தில் செடி இருக்கட்டும், கூண்டின் வாசலில் வேண்டாம்.

மேட்டுப் பக்கத்தில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இதைக் கூண்டு வேலைக்கு முன்பே செய்யாவிட்டால் செம்மண் கரைந்து வலையின் அடியை அரித்துவிடும். அந்த அரிப்புதான் கீரிக்கு வாசல்.

பலகை அடைத்த முதுகுச் சுவர் மழை அடிக்கும் திசையில். கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்கிலிருந்து.

பொருள் கணக்கு

இரவு அடையும் அறை ஆறடி நீளம், நாலடி அகலம், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடிக்குச் சற்று மேல். இதை ஒட்டி 12 அடிக்கு 8 அடி, ஆறடி உயரத்தில் வலைத் திடல். வீட்டில் ஆள் இல்லாத பகலில் கோழிகள் இதற்குள் இருக்கும்.

அறைக்குக் கால் ஆறு. முன்வரிசைக்கு எட்டடிக் கம்பம் மூன்று, பின்வரிசைக்கு ஏழடிக் கம்பம் மூன்று. ஒன்றரை அடி மண்ணுக்குள் போகும், மீதியில் கூரைக்கு ஒரு அடிச் சாய்வு கிடைக்கும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய் நல்லது. சில்வர் ஓக் மரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மண்ணில் நின்றால் சீக்கிரம் இற்றுப்போகும். அதைத்தான் போடுவது என்றால் கான்கிரீட்டில் பதித்த இரும்புப் பட்டைமேல் நிறுத்தி போல்ட் போடுங்கள். கான்கிரீட் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி), தரைக்கு மேல் மூன்று அங்குலம் தூக்கி, தண்ணீர் நிற்காதபடி உச்சியைச் சரித்துவிட வேண்டும்.

வலை மூன்றடி அகலம், ஐம்பதடி நீளச் சுருளாக வாங்கியது. அரை அங்குலக் கட்டம் ஒரு சுருள்: திடலின் நாலு பக்கமும் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு 40 அடி, மீதிப் பத்தடி இரவு அறையின் காற்று வழிகளுக்கு. ஒரு அங்குலக் கட்டம், 14 கேஜ் தடிமன் கம்பி, மூன்று சுருள்: திடலின் மேல் மூன்றடிக்கு 40 அடி, மண்ணுக்குள் போகும் பாவாடைக்கு 40 அடி, கூரைக்குப் பன்னிரண்டடித் துண்டு மூன்று, அதாவது 36 அடி. மிச்சம் 34 அடி. கதவு, மூலை, ஒட்டு எல்லாம் அதிலேயே முடியும்.

கூரைக்கு ஏழடித் தகரம் மூன்று. முன்னே ஒன்றரை அடி, பின்னே ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மண்ணுக்குள் பாவாடை

தோண்டும் பிராணிகள் வலையின் அடியில் மூக்கை வைத்து அதே இடத்தில்தான் பறிக்கும். இரண்டடி பின்னால் போய்ச் சுரங்கம் வெட்ட அவற்றுக்குத் தோன்றாது. பாவாடையின் பலன் இதில்தான்.

மூன்றடி அகல வலையை மூன்றாக மடித்துப் பார்க்கவும். மேல் ஒரு அடி சுவர் வலைமேல் வெளிப்பக்கமாக ஏறும், தெருநாய் கடித்து இழுக்கும் உயரம் அதுதான், இரட்டை வலையாக நிற்கும். நடு ஒரு அடி நேராக மண்ணுக்குள் இறங்கும். கடைசி ஒரு அடி வெளிப்புறமாகப் படுக்கும். குழியை ஒரு அடி ஆழம், ஒரு அடிக்குச் சற்று அதிக அகலத்தில் வெட்டி, வலையைப் படுக்கவைத்து, கற்களைப் பரப்பி, மண் போட்டு மிதிக்க வேண்டும். கல் பரப்பிய பிறகு தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கி, மறுநாள் இன்னொரு முறை நிரப்புங்கள். ஒரே நாளில் மூடினால் முதல் மழையில் நாலு அங்குலம் உட்காரும்.

நாலு மூலையிலும் வெளிப்புறம் திரும்பும் வலை பிளந்து நிற்கும். அந்த முக்கோண இடைவெளிக்குத் தனித்துண்டு வெட்டிக் கட்டுக்கம்பியால் தைக்க வேண்டும். பலரும் விடுவது இந்த மூலைதான். மூலையை ஒட்டி நடப்பது எல்லாப் பிராணிக்கும் வழக்கம்.

வலையைச் சட்டத்தில் பிடிப்பது

வலை சட்டத்தின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வெளியிலிருந்து தள்ளினால் வலை சட்டத்தோடு அழுந்தும். உள்ளே அடித்தால் ஒவ்வொரு தள்ளும் ஆணியைப் பிடுங்கும்.

யூ ஆணி மட்டும் போதாது. மரம் மழையில் ஊறி வெயிலில் சுருங்கும்போது தானாகவே வெளியே வந்துவிடும், அசைத்தால் விரலோடு வரும். வலையின் ஓரத்துமேல் ஒரு அங்குல மரப்பட்டையை வைத்து, நாலு அங்குலத்துக்கு ஒரு திருகாணியை வாஷரோடு முடுக்கவும். இரும்புக் குழாய் என்றால் இரும்புப் பட்டை வைத்துத் தானே துளையிடும் திருகாணி. வலையோடு வலை சேரும் இடத்தில் மூன்று அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். கட்டுக்கம்பியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டு.

இந்த வேலை முடிந்ததும் ஒரு சாண் நீளத்துக்கு 12 எம்.எம். முறுக்குக்கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். அது நுழையும் இடமெல்லாம் எலிக்குஞ்சு நுழையும். எலி போகும் வழியில் பாம்பு பின்தொடரும். கம்பி அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, அளவு பார்க்க இதைவிட எளிய கருவி கிடையாது. வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெரியவர்கள் குனிந்து பார்க்காத இடங்களையும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரவு அறை

அடியில் ஒரு அங்குலப் பலகை. வலைத்தரை போட்டால் எச்சம் கீழே விழும், சுத்தம் சுலபம் என்பார்கள். மலைக்காற்று அடியிலிருந்து ஏறும், கோழியின் பாதமும் கொப்பளிக்கும். பலகைமேல் நாலு அங்குலத்துக்குத் தச்சுப்பட்டறை இழைப்புச் சுருள். உமி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரவேண்டும், செலவு. மிக நுண்ணிய அறுப்புத்தூள் குஞ்சுக்கு ஆகாது, தின்றுவிடும். வாரம் இருமுறை கிளறவும். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்கக்கூடாது, உதிர வேண்டும். உருண்டை பிடித்தால் அந்தப் பகுதியை வாரி வெளியே போட்டுப் புதியது போடவும். ஈரக் கூளத்தில்தான் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும்.

காற்று வழி கோழியின் தலைக்கு மேலே அமைய வேண்டும். முன்சுவரில் மேல் இரண்டடி, பக்கச் சுவர்களில் மேல் ஒன்றேகால் அடி, பின்சுவரில் கூரைக்குக் கீழே அரை அடி. எல்லாம் அரை அங்குல வலை. கடுங்குளிரில் முன்பக்க வலைமேல் சாக்குப்படுதா இறக்கலாம், பின்பக்க அரை அடியை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்க வேண்டாம்.

உட்காரும் கட்டை உருண்டையாக இருக்க வேண்டும் என்பது சமவெளி வழக்கம். இங்கே மூன்று அங்குல அகலப் பட்டைக்கட்டையை அகலப்பக்கம் மேலே தெரியப் போட்டு, ஓரங்களை மட்டும் இழைத்துவிடவும். கோழி விரலை விரித்து உட்காரும், வயிற்று இறகு விரல்களை முழுக்க மூடிவிடும், குளிர் தாக்காது. ஒரு கோழிக்கு எட்டு அங்குலம். பதினொன்றுக்கு ஏறக்குறைய ஏழரை அடி வரும், ஆறடிக் கட்டை இரண்டு வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு அடிக்குக் குறையாமல்.

கட்டை வலையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருப்பது முக்கியம். வலையின் கண் பெரிதாக இருந்தால், மரநாய் வெளியே நின்று, தூங்கும் கோழியின் கழுத்தையோ காலையோ பிடித்து அந்த வலைக்கண் வழியாக இழுக்கும். முழுக்கோழி வராது, தலை வரும். காலையில் பூட்டு பூட்டியபடி இருக்க, உள்ளே தலையில்லாத கோழி கிடப்பதன் காரணம் இதுதான்.

முட்டையிடப் பன்னிரண்டு அங்குலச் சதுரப் பெட்டி மூன்று, கட்டையைவிடத் தாழ்வாக. பெட்டி உயரத்தில் இருந்தால் அதில்தான் உறங்கும், முட்டையில் எச்சம் ஒட்டும்.

கூரைத் தகரத்தில் ஒரு மலைச் சிக்கல் உண்டு. வானம் தெளிந்த பனிக்கால இரவில் தகரம் குளிர்ந்து, கோழிகளின் மூச்சு அதன் அடியில் நீராகத் துளிர்க்கும். விடிகாலையில் மழையே இல்லாமல் கூளம் நனைந்திருக்கும். தகரத்துக்கு இரண்டு அங்குலம் கீழே மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டினால் சொட்டு நிற்கும். இடைவெளியின் இரு முனையிலும் அரை அங்குல வலை. இல்லாவிட்டால் அது எலியின் வீடு.

கதவுகள்

கோழி போகும் சின்ன வாசல் 12 அங்குல அகலம், 14 அங்குல உயரம், மேலே தூக்கும் பலகை. சும்மா தொங்கும் பலகையைக் கீரியும் மரநாயும் மூக்கால் நெம்பித் தூக்கிவிடும். அடிச்சட்டத்தில் ஒரு அங்குல ஆழப் பள்ளம் வெட்டிப் பலகை அதற்குள் உட்காரும்படி செய்து, பக்கவாட்டில் ஒரு தாழ்ப்பாள். பள்ளத்தில் கூளம் நிறைந்தால் பலகை முழுக்க இறங்காது. மூடும் முன் ஒரு குச்சியால் வழித்துவிடவும்.

ஆள் நுழையும் கதவுக்கு மூன்று கீல், மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள், ஒன்றில் பூட்டு. கொக்கியை மட்டும் நம்ப வேண்டாம். குரங்கு பார்த்துக் கற்றுக்கொள்ளும், முட்டைக்காகத் திறக்கும்.

முதல் மழைக்காலத்தில் கெட்டவை

கதவுதான் முதலில். பச்சை மரச்சட்டம் ஊறிக் கனத்து, கைப்பிடிப் பக்கம் முக்கால் அங்குலம் தொங்கியது, மேலே அதே அளவு சந்து. கீல் பக்கத்து அடிமூலையிலிருந்து கைப்பிடிப் பக்கத்து மேல்மூலைக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்ததும் நின்றது. குறுக்கை எதிர்த்திசையில் அடித்தால் பாரத்தைத் தாங்காது, இதில் தவறு செய்பவர்கள் அதிகம்.

அடுத்தது கூரைவலையின் ஓரம். யூகலிப்டஸ் கிளை விழுந்து கம்பி நடுவே தொங்கி, ஓரத்தில் கட்டுகள் விட்டுப்போயின. நாலடிக்கு ஒரு குறுக்குக் குழாய் கொடுத்தபின் தாங்குகிறது. மேலே சாயும் கிளைகளை வெட்டிவிடுவதும் அவசியம், மரநாய்க்கு அதுதான் படிக்கட்டு.

மூன்றாவது, வாய்க்கால் இலைகள் அடைத்து, பாவாடையின் மேட்டுப்பக்க மண் ஒரு சாணுக்குக் கழுவிப்போனது. வலை வெளியே தெரிந்ததால் காணமுடிந்தது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வாய்க்காலை வாருவதைத் தவிர வேறு வழியில்லை.

வந்தது யார்?

கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த அடுப்புச் சாம்பலையோ மெல்லிய மணலையோ மாலையில் தூவினால் காலையில் பதில் இருக்கும். நாய், நரிக்கு நாலு விரல், நகம் பதியும். பூனை வகைக்கு நாலு விரல், நகம் பதியாது. வீட்டுப்பூனைத் தடம் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளங்கை அகலத்துக்கு நகமில்லாத தடம் கண்டால் அது சிறுத்தை. கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல், கீரியின் நகம் நீளமாகக் கோடிழுக்கும்.

செத்துக் கிடக்கும் விதமும் சொல்லும். பகலில் பல கோழிகள் கழுத்தில் கடிபட்டு, தின்னப்படாமல் கிடந்தால் கீரியை நினைக்கலாம். வலை கிழிந்து, உடல்கள் குதறிச் சிதறிக் கிடந்தால் தெருநாய். கோழியே இல்லை, நாலு இறகு மட்டும் வேலிப்பக்கம் வழிகாட்டினால் நரி, காட்டுப்பூனை அல்லது சிறுத்தை. கால்விரல் மட்டும் கடிபட்டிருந்தால் பெருச்சாளி உள்ளேயே வளை போட்டிருக்கிறது.

எது வந்தாலும் சுருக்குக் கம்பி, கண்ணி, விஷம் வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டித் துடித்துச் செத்த சோகம் இந்தத் தோட்டங்களில் நடந்திருக்கிறது. வேலியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சுவது ஆளையே கொல்லும். சிறுத்தைத் தடம் கண்டால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, கோழிகளை முன்னதாக அடையுங்கள். நாயைக் கூண்டருகே காவலுக்குக் கட்டாதீர்கள். சிறுத்தைக்குக் கோழியைவிட நாய் பெரிய இரை.

இறந்த கோழியைத் தேயிலைக்குள் எறிவது அடுத்த விருந்துக்கு அழைப்பு வைப்பதுதான். மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

தீவனமும் குஞ்சும்

பத்துக் கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, கோதுமைத் தவிடு 1.8, கடலைப் புண்ணாக்கு 1.5, உப்பில்லாத கருவாட்டுத்தூள் 800 கிராம், கிளிஞ்சல் 700 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். அடைத்தே வளர்த்தால் ஒரு கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம், மேய்ந்து வந்தால் அதில் பாதிக்குச் சற்று மேல். பதினைந்து நாளுக்கு மேல் கலந்து வைக்க வேண்டாம். மூடுபனி ஈரத்தில் புண்ணாக்கும் சோளமும் பூஞ்சை பிடிக்கும், அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மூடியிட்ட டிரம்மில், வீட்டுக்குள் வையுங்கள். புண்ணாக்கும் கருவாடும் கரடியைத் தொலைவிலிருந்தே இழுக்கும். கூண்டில் இரவு ஒரு பிடிகூட மிஞ்சக்கூடாது, அது எலிக்கும் எலியைத் தேடும் பாம்புக்கும் வைத்த சோறு.

காய்கறித் தோட்டத்தில் குருணை மருந்து போட்ட வாரங்களில் கோழியைத் திறந்துவிடக்கூடாது. தானியம் என்று பொறுக்கித் தின்னும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 34, 35 டிகிரி வெப்பம், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். சமவெளியில் மூன்று வாரத்தில் விளக்கை எடுத்துவிடுவார்கள், இங்கே ஆறு வாரம் ஆகும். எல்.இ.டி. பல்பு சூடு தராது, குண்டு பல்பு வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், விலகி ஓடி வாயைத் திறந்தால் சூடு. மின்சாரம் போன இரவில் மூடிய அறையில் கரிச்சட்டி வைத்தால் புகை கொல்லும், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். தாய்க்கோழி இருந்தால் இந்தக் கவலை இல்லை, ஆனால் அதைக் குஞ்சுகளோடு தரையில் விடாமல் வலைப்பெட்டியில் வைக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து: ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்.

மாலை வேலை

கோழிகள் தாமாக அடையும் நேரம் டிசம்பரில் ஐந்தரை, ஐந்தேமுக்கால். மூடுபனி இறங்கினால் இன்னும் முன்பே. மூடுகிறவர்தான் எண்ண வேண்டும், ஒருவர் எண்ணி இன்னொருவர் மூடும் ஏற்பாடு கூடாது. எண்ணிக்கை பதினொன்று வராவிட்டால் பூட்டாமல் தேடுங்கள். பெரும்பாலும் தேயிலைக்குள் ஒரு பெட்டை திருட்டு அடை உட்கார்ந்திருக்கும். முட்டையோடு தூக்கி உள்ளே வைக்கலாம், இருட்டில் வைத்தால் அடையை விடாது.

மாதத்துக்கு ஒருமுறை அந்த 12 எம்.எம். கம்பித் துண்டோடு ஒரு சுற்று. பார்க்கும் வரிசை: கதவின் மேல்விளிம்பு, சின்ன வாசலின் பள்ளம், கூரைத் தகரத்தின் நெளிவும் சுவரும் சேரும் இடம், பாவாடையின் நாலு மூலை. நெளிவில் கம்பி சுலபமாகப் போகும், அங்கே வலைத் துண்டைச் சுருட்டித் திணித்துக் கட்டியிருக்க வேண்டும்.